பெரிய கடைகள் ஏன் மூடப்படுகின்றன? குமரி மாவட்டத்தை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலும் மார்த்தாண்டம் சந்திப்பைச் சுற்றியும் தக்கலை, கருங்கல், திங்கள்நகர் போன்ற ஊர்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்பு ‘எல்லாம் கிடைக்கும்’ என்று பெயர் வாங்கியிருந்த உள்ளூர்க் குடும்பக் கடைகளில் பல இன்று இல்லை. எஞ்சியவற்றுள் சில மாடியைக் கிடங்காக்கிவிட்டுத் தரைத்தளத்தை மட்டும் நடத்திவருகின்றன. இதைப் பற்றி வாடிக்கையாளர்களும் கடைப் பணியாளர்களும் வணிகக் குடும்பத்து இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

எந்த வகைக் கடைகளைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

உடை, பாத்திரம், காலணி, அலங்காரப் பொருள் எனப் பல பிரிவுகளை ஒரே கூரையின் கீழ் வைத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி விற்பனையாளர்களை நிறுத்தி நடத்தப்படும் பெரிய கடைகளை, அதாவது டிபார்ட்மென்ட் ஸ்டோர்களைப் பற்றி. இந்த முறையின் தொடக்கத்தைப் பெரும்பாலோர் பாரிஸ் நகரின் போன் மார்ஷே கடையில் காண்கிறார்கள். அரிஸ்டீட் பூசிகோ 1852-இல் அதில் பங்குதாரராகச் சேர்ந்த பிறகு, பேரம் இல்லாத ஒரே விலை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற உரிமை, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகியவை அங்கே நடைமுறையாயின. சென்னையில் 1863-இல் தொடங்கிய ஸ்பென்சர் இந்த வழியில் வளர்ந்த கடைதான்.

குமரி மாவட்டத்தில் இந்த வடிவம் பெரும்பாலும் ஜவுளிக்கடையிலிருந்து முளைத்தது. தரைத்தளத்தில் வேட்டி, துண்டு, லுங்கி, போர்வை. முதல் மாடியில் சேலை. அதற்கு மேல் ரெடிமேடும் குழந்தைகள் உடையும். மாடிப்படியோரத்தில் குடை, பை, எவர்சில்வர் பாத்திரம், சென்ட் பாட்டில் என்பதே அதன் வழக்கமான அமைப்பு. மளிகைச் சாமான்களை நாமே கூடையில் எடுத்துக்கொள்ளும் கடைகளையும் நம் ஊரில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றே சொல்கிறோம். அவற்றின் கணக்கு வேறு; இங்கே அவை வரவில்லை.

குமரி மாவட்டத்தில் நடப்பது உண்மையிலேயே சரிவா? புதிய ஜவுளிக் கடைகள் திறந்துகொண்டுதானே இருக்கின்றன?

திறக்கின்றன என்பது உண்மை. வெளியூரிலிருந்து வந்த பெருநிறுவனங்களின் கிளைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. மறுபக்கம், வீட்டின் முன்னறையில் முப்பது சேலைகளை அடுக்கிவைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கும் பெண்கள் ஏறத்தாழ எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். விழுந்திருப்பது இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்த அடுக்கு: ஒரே ஊரில் ஒரே கட்டடத்தில், இருபது முப்பது பணியாளர்களுடன், ஒரு குடும்பத்தின் பெயரில் நடந்த கடை.

பெரிய கிளைகள் சூரத்திலும் ஈரோட்டிலும் ஒரே நேரத்தில் பல ஊர்களுக்குக் கொள்முதல் செய்வதால் அடக்க விலை குறைகிறது. வீட்டில் விற்பவருக்கு வாடகையும் சம்பளமும் இல்லை. நடுவில் உள்ளவருக்கு இரண்டு சலுகையும் கிடையாது. ‘மக்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள்’ என்று கடைக்காரர்கள் சொல்வதை அதனால்தான் முழுமையாக ஏற்க முடியவில்லை. வாங்குவது குறையவில்லை, வாங்கும் இடம் மாறிவிட்டது.

உலகம் முழுவதும் இதே கதைதானா?

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் நோய் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மிகப்பெரிய சில்லறை நிறுவனமாக இருந்த சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஜேசி பென்னி 2020 மே மாதத்தில் அதே வழியில் சென்றது. மேசிஸ் ஏறத்தாழ 150 கடைகளை மூடப்போவதாக 2024-இல் அறிவித்தது. அங்கே தேவைக்கு மேல் கட்டப்பட்ட வணிக வளாகங்களும் நிறுவனங்களின் தலைமேல் ஏற்றப்பட்ட கடனும் பெரும் பங்கு வகித்தன. பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலீட்டு நிறுவனங்கள் 2003-இல் அதை வாங்கி, சொந்தமாக இருந்த கடைக் கட்டடங்களில் பலவற்றை விற்று, அவற்றையே நீண்டகால வாடகைக்கு எடுக்கவைத்தன. விற்பனை குறைந்தபோது வாடகை குறையவில்லை. 2021 மே மாதத்தில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. கனடாவில் 1670-இல் நிறுவப்பட்ட ஹட்சன்ஸ் பே நிறுவனத்தின் கடைகளும் 2025-இல் மூடப்பட்டுவிட்டன.

நமக்கு நெருக்கமான பாடம் ஜப்பானில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்நாட்டின் பெரிய கடைகளுடைய ஆண்டு விற்பனை 1991-இல் ஏறத்தாழ 9.7 இலட்சம் கோடி யென்னைத் தொட்டு, அதன்பின் படிப்படியாகச் சரிந்தது. ஆனால் தோக்கியோவின் கடைகள் தாக்குப்பிடித்தன; முதலில் அணைந்தவை மாவட்டத் தலைநகரங்களின் கடைகள். யமகதாவில் 1700 முதல் நடந்துவந்த ஓனுமா கடை 2020 ஜனவரியில் மூடப்பட்டபோது, பெரிய கடை ஒன்றுகூட இல்லாத முதல் மாகாணமாக யமகதா ஆனது. அதே ஆண்டில் தொகுஷிமாவும், 2024-இல் ஷிமானேயும் கிஃபுவும் அப்பட்டியலில் சேர்ந்தன. இளைஞர்கள் வெளியேறும் ஊர், சாலை நன்றாக இருப்பதால் பக்கத்துப் பெருநகருக்குப் போய் வாங்கும் மக்கள், வாரிசு இல்லாத கடை என்ற மூன்றும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக இராது.

இணைய வணிகம்தானே முதற்காரணம்?

கடைசிக் காரணங்களில் ஒன்று என்று சொல்வதே சரி. சியர்ஸ் தன் புகழ்பெற்ற அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலை 1993-இல் நிறுத்திவிட்டது. அமேசான் தொடங்கப்பட்டதோ 1994-இல். வீட்டிலிருந்தே பொருளை வரவழைக்கும் பழக்கத்தை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம், அந்தப் பழக்கம் புது வடிவம் எடுப்பதற்கு ஓர் ஆண்டு முன்பு அதைக் கைவிட்டது என்பது கசப்பான வேடிக்கை.

இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2007-இலும் மிந்த்ரா அதே ஆண்டிலும் தொடங்கின. அமேசான் 2013-இல் வந்தது. குமரிக் கிராமங்களில் கூரியர் வண்டி அன்றாடக் காட்சியாக மாறியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான். நடுத்தரக் கடைகளின் இலாபம் அதற்கு முன்பே மெலியத் தொடங்கிவிட்டது. மேலும், கல்யாணப் பட்டைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்கும் குடும்பம் இன்றும் அரிது. இணையம் பறித்துக்கொண்டது சுடிதார், டி-சர்ட், குழந்தை உடை, காலணி, கைப்பை ஆகியவற்றை. பெரிய கடை தன் அன்றாட விற்பனைக்கு நம்பியிருந்த பிரிவுகளும் இவையே.

அப்படியானால் முதல் அடி எங்கிருந்து விழுந்தது?

ரெடிமேடிலிருந்து. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்கு வெளியே இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு காலத்தில் ஜவுளிக்கடையின் முதுகெலும்பு வெட்டுத் துணி. சட்டைக்கு இரண்டேகால் மீட்டர், பேண்டுக்கு ஒன்றேகால் மீட்டர் என்று விற்பனையாளர் மீட்டர் கோலால் அளந்து, கத்தரியால் ஓரத்தில் ஒரு நறுக்கு நறுக்கி, மீதியைக் கையாலேயே நேர்க்கோட்டில் கிழித்துக் கொடுப்பார். அந்தத் துணி கடைக்கு எதிரே இருந்த தையற்காரரிடம் போகும். தடித்தவரோ மெலிந்தவரோ, அதே துணிச் சுருளிலிருந்து எல்லோருக்கும் வெட்டலாம். இந்த ஆண்டு போகாத துணி அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும்போதோ ஓணத்துக்கோ போய்விடும். சேலைக்கும் வேட்டிக்கும் அளவு என்ற தொல்லையே கிடையாது. அதாவது, கடையில் தேங்கிய சரக்கு மெதுவாகத்தான் செத்தது.

ரெடிமேட் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஒரே வடிவச் சுடிதாரை ஐந்து அளவில் நான்கு நிறத்தில் வைத்தாலே 20 உருப்படி. நடு அளவுகள் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும்; ஆகச் சிறியதும் ஆகப் பெரியதும் அலமாரியில் நிற்கும். கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் ‘இந்த அளவு தீர்ந்துவிட்டது’ என்று சொன்னால், அவர் அடுத்த கடைக்குப் போவார்; மீண்டும் வரவழைத்தால், அதோடு தேவையற்ற அளவுகளும் கட்டாகவே வரும். ஆறு மாதத்தில் வடிவம் பழையதாகிவிடும். பல கிளைகள் உள்ள நிறுவனம் ஒரு கிளையில் தேங்கியதை இன்னொரு கிளைக்கு மாற்றலாம். இணைய நிறுவனம் கிடங்கிலிருந்து நாடெங்கும் அனுப்பலாம். மார்த்தாண்டத்தில் ஒரே கட்டடம் வைத்திருப்பவர் ஆடித் தள்ளுபடி போட்டு அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளர் மற்ற மாதங்களில் முழு விலை கொடுக்கத் தயங்குகிறார் என்பது அடுத்த சிக்கல்.

2016-க்குப் பிறகு நிலைமை ஏன் அவ்வளவு வேகமாக மோசமானது?

நெருக்கமாக வந்த அடிகளால். குமரி மாவட்டக் கடைகளுக்கு ஒரு தனி வலிமை இருந்தது: ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், இவற்றோடு ரம்சானும் என்று பருவ விற்பனை ஆண்டில் பல முறை வரும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள் என்பதால், தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் தீபாவளியோடு முடியும் வியாபாரம் இங்கே டிசம்பர் இறுதிவரை நீளும். ஒரு பண்டிகை கைவிட்டாலும் இன்னொன்று தூக்கிவிடும் என்பது பழைய கணக்கு.

அந்தக் கணக்கு தொடர்ந்து தவறியது. 2016 நவம்பர் 8-இல் அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தாக்கியது. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பல பத்தாண்டுகளாக விற்பனை வரியை அறியாதிருந்த துணிக்கு முதன்முறையாக 5 விழுக்காடு வரியும் மாதக் கணக்குத் தாக்கலும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் மாவட்டத்தைத் தாக்கியது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. வாழையும் ரப்பரும் சாய்ந்தன. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடற்கரை ஊர்களில் புதுத்துணி எடுக்கும் மனநிலை யாருக்கும் இல்லை. மார்த்தாண்டத்தில் மேம்பாலக் கட்டுமானம் நடந்த காலம் முழுவதும் கீழே இருந்த கடைகளுக்கு வருவதே பாடாக இருந்தது. 2018 இறுதியில் பாலம் திறந்தபின் வெளியூர் வண்டிகள் கடைத்தெருவைப் பார்க்காமலேயே மேலே போயின. நெரிசல் குறைந்தது என்ற நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நெரிசலில்தான் சிலருடைய வியாபாரமும் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு சரியாகச் சித்திரை, வைகாசிக் கல்யாணப் பருவத்தின் வாசலில் வந்து நின்றது. பெரிய கடைகள் திறக்க அனுமதி கிடைத்தபோதும் குளிர்சாதனத்தை இயக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

ரப்பரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பகுதிகளில் கையில் புழங்கும் பணம் ரப்பர் விலையைப் பின்பற்றுகிறது. 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. 2024-இல் விலை மீண்டும் அந்த உயரத்தைத் தாண்டியபோது குலசேகரத்திலும் அருமனையிலும் பணம் புழங்கியது; ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பழகிப்போன கடைகளுக்கே அது சென்றது.

முன்பெல்லாம் கடனுக்குத் துணி எடுத்தோம். அந்த வழக்கம் என்னவாயிற்று?

அந்த வழக்கம்தான் குடும்பக் கடையின் உண்மையான முதலீடு. ஆசிரியர், போக்குவரத்துக் கழக ஊழியர், தோட்டத் தொழிலாளி என்று ஒவ்வொருவருக்கும் கடையில் ஒரு பக்கம் இருந்தது. முதலாளி முகம் பார்த்துக் கடன் கொடுத்தார், வாங்கியவரும் அடுத்த பண்டிகைக்கு அதே கடைக்கு வந்தார்.

தவணை விற்பனையின் ஆற்றலை இந்த மாவட்டத்துக்காரர் ஒருவரே நன்கு அறிந்திருந்தார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-இல் சென்னையில் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கிய எச். வசந்தகுமார், வீட்டு உபயோகப் பொருள்களைத் தவணையில் கொடுத்துத் தமிழகம் முழுவதும் கிளை பரப்பினார். பின்னர் கன்னியாகுமரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராகி 2020-இல் மறைந்தார். இன்று தவணையைத் தருவது கடைக்காரர் அல்லர். நிதி நிறுவனமும் வங்கி அட்டையும் கைப்பேசிச் செயலியும் தருகின்றன. அந்தக் கடனை எந்தக் கடையிலும் பயன்படுத்தலாம். கடனோடு வந்த விசுவாசம் கடனோடு போயிற்று.

திருவனந்தபுரம் அருகில் இருப்பது எவ்வளவு பாதிக்கிறது?

விளவங்கோடு வட்டத்துக்கு அதிகம், தோவாளை வட்டத்துக்குக் குறைவு. மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தபோதும், மேற்குப் பகுதியின் கல்யாணக் கொள்முதல் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியையும் அட்டக்குளங்கரையையும் விட்டு விலகவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2021 டிசம்பரில் அங்கே ஏறத்தாழ 20 இலட்சம் சதுர அடியில் லுலு வணிக வளாகம் திறந்தபின், உணவு, விளையாட்டு, கொள்முதல் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் குடும்பங்கள் கூடின. பெரிய கடைக்குப் போவதே ஒரு பொழுதுபோக்காக இருந்த இடத்தை வளாகம் எடுத்துக்கொண்டது. கிழக்கே, நாற்கரச் சாலை திருநெல்வேலியையும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது.

வெளிநாட்டு முதலீடு உள்ளூர்க் கடைகளை அழித்ததா?

நேரடியாக இல்லை. பல நிறுவனங்களின் பொருள்களை விற்கும் (மல்டி-பிராண்ட்) சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வெளிநாட்டு முதலீட்டை மத்திய அரசு 2012-இல் அனுமதித்தது; ஆனால் முடிவை மாநிலங்களிடம் விட்டது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இணையச் சந்தைகளின் வழியே அந்த முதலீடு சுற்றி வந்தது என்பது வேறு செய்தி. வால்மார்ட் 2018-இல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியதை இங்கே நினைக்கலாம்.

விற்பனையாளர்கள் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்களே?

பாதி உண்மை. பழைய முறையில் ஒரு சேலை விற்க எத்தனை கைகள் தேவைப்பட்டன என்று பாருங்கள். மெத்தை விரித்த மேடையில் அமர்ந்த விற்பனையாளர் முப்பது நாற்பது சேலைகளை மடிப்புக் கலைத்து விரிப்பார். உதவிக்கு நிற்கும் பெண் வேண்டாதவற்றை உடனுக்குடன் மடிப்பார். தேர்ந்த சேலைக்குச் சீட்டு எழுதப்படும். துணி ஒரு வழியாகவும் சீட்டு இன்னொரு வழியாகவும் கீழே போகும். கல்லாவில் பணம் கட்டி முத்திரை வாங்கினால்தான் டெலிவரி மேசையில் பொதி கைக்கு வரும். ஐந்து பேருடைய உழைப்பு. வந்தவர் ‘கலர் சரியில்லை’ என்று எழுந்து போனால் அந்த உழைப்பு முழுவதும் வீண். ஆயினும் முகம் சுளிக்காமல் மீண்டும் மடிப்பதுதான் அந்தத் தொழிலின் திறமை. கொக்கியில் தொங்கவிட்டு ‘நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்னும் கடைக்கு இத்தனை பேர் வேண்டியதில்லை.

மறுபாதி, வேலையின் தன்மை. 2011-இல் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டத்தில், நாளெல்லாம் நின்றுகொண்டு குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கப் பட்டம் பெற்ற பெண்கள் தயங்குவதில் வியப்பில்லை. உட்கார்வதற்கே சட்டம் தேவைப்பட்டது: கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்தைத் தொடர்ந்து கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தன. இருக்கையும் முறையான ஊதியமும் தருவது கடையைக் கவிழ்த்துவிடும் என்றால், அந்தக் கடை முன்பு யாருடைய செலவில் நின்றது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

கடை நன்றாக ஓடும்போதே சிலர் மூடிவிடுகிறார்களே, ஏன்?

இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வாரிசுகள் மருத்துவம், பொறியியல் படித்து பெங்களூரிலோ துபாயிலோ கனடாவிலோ இருக்கிறார்கள்; காலை ஒன்பது முதல் இரவு ஒன்பதரை வரை கல்லாவில் உட்கார அவர்களுக்கு மனமில்லை, பெற்றோருக்கும் அவர்களை அப்படி உட்காரவைக்கும் எண்ணம் இல்லை. அடுத்து, கட்டடம் நிற்கும் நிலத்தின் மதிப்பு. வங்கிக்கோ நகைக்கடைக்கோ வெளியூர் நிறுவனத்துக்கோ வாடகைக்கு விட்டால், சரக்கும் சம்பளமும் இல்லாமல் மாதம் பிறந்ததும் பணம் வரும். அண்ணன் தம்பிகளுக்கிடையே பாகப்பிரிவினை வரும்போது, சரக்கைப் பிரிப்பதைவிட வாடகையைப் பிரிப்பது எளிது. டெபன்ஹாம்ஸ் வாடகையால் விழுந்தது என்றால், இங்கே சில கடைகள் சொந்தக் கட்டடத்தாலேயே மூடப்படுகின்றன.

அண்மைக் கால வரி விதிகள் உதவுகின்றனவா, தடையா?

இரண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு வரி 5 விழுக்காடு. முன்பு இந்தச் சலுகை 1,000 ரூபாய் வரைதான் இருந்தது. நடுத்தர விலைச் சட்டைக்கும் சுடிதாருக்கும் இது நல்ல செய்தி. ஆனால் 2,500-ஐத் தாண்டிய ஆயத்த ஆடைக்கு வரி 12-இலிருந்து 18 ஆக உயர்ந்துவிட்டது.

அதிகம் பேசப்படாத மாற்றம் வருமானவரிச் சட்டத்தில் வந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் காட்ட முடியும்; மார்ச் இறுதியில் பாக்கி நின்றால் அந்த ஆண்டின் செலவாகாது. விசைத்தறிக்காரருக்கு இது நியாயம். ஆனால் சித்திரை, வைகாசிக் கல்யாணச் சரக்கைத் தையில் எடுத்துப் பருவம் முடிந்து பணம் கட்டிய கடைக்காரருடைய சுழற்சி இதனால் அறுந்துவிட்டது.

எந்தக் கடைகள் நிலைக்கும் என்று எதிர்பார்க்கலாம்?

எல்லாம் வைத்திருப்போம் என்ற ஆசையை விட்டவை. வேட்டிக்கும் உள்ளாடைக்கும் மட்டும், பள்ளிச் சீருடைக்கு மட்டும், புதுநன்மை (கத்தோலிக்கக் குழந்தைகளின் முதல் நற்கருணை) உடைக்கும் கிறிஸ்தவத் திருமண உடைக்கும் மட்டும், ஓணத்துக்குக் கசவுச் சேலையும் முண்டும் தரத்தோடு தருவதற்கு மட்டும் என்று சுருங்கிய கடைகள் தாக்குப்பிடிக்கின்றன. சீருடைக் கடைக்காரருக்குச் சுற்று வட்டாரத்துப் பள்ளிகளின் நிறமும் கோடும் மனப்பாடம். அது இணையத்தில் கிடைக்காத அறிவு. அளவு மாற்றித் தைத்துத் தரும் தையற்காரரைக் கடைக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. மூன்று மாடியையும் காப்பாற்றத் துடிப்பவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கடையில் தீபாவளி அல்லது கிறிஸ்துமஸ் சீட்டுக் கட்டிவருகிறேன். கடை மூடப்பட்டால் பணம் கிடைக்குமா?

பொருள் வாங்குவதற்கான முன்பணம் என்பதாகவே இத்தகைய சீட்டுகள் பொதுவாக நடத்தப்படுகின்றன. பொருளும் தராமல், திருப்பித் தரவேண்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தையும் தராவிட்டால், அதை வைப்புத்தொகையாகக் கருத 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவை அணுகலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை, பணம் கட்டிய ஒவ்வொரு மாதமும் முத்திரையோடு பெற்ற அட்டை. கடை மூடப்போகிறது என்ற பேச்சு அடிபட்டால், தவணை முடியும்வரை காத்திராமல் கட்டிய தொகைக்குத் துணி எடுத்துவிடுவது நல்லது.

பல ஆண்டுகள் வேலை பார்த்த கடை மூடப்படுகிறது. பணியாளருக்கு என்ன உரிமை?

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்க முடியாது. முன்னறிவிப்புத் தராவிட்டால் ஒரு மாத ஊதியம் தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றிய நிரந்தரப் பணியாளருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்திருந்தால், அது உண்மையில் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கணக்கு எண்ணைக் கொண்டு இப்போதே பாருங்கள். பல கடைகளில் நியமன ஆணை என்ற ஒன்றே இருப்பதில்லை. அங்கே வருகைப் பதிவேடு, வங்கியில் வரவான சம்பளம், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவைதாம் சான்று. கதவு பூட்டப்பட்ட பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்குவது கடினம் என்பதால், நகல்களை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொண்டு, தொகை வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.